யோகனின் கையும் ஹவாய்ப் புல்லும்

போன சனிக்கிழமை மத்தியானம் யோகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தோளில் கோல்ஃப் பை.

வழக்கமாக மாம்பழப் பெட்டியோடு வருவான். அல்லது அவன் மனிசி ராணி சுட்ட வடையோடு வருவான். இந்த முறை பை மட்டும்தான். உள்ளே மட்டைகள் எல்லாம் துடைத்து அடுக்கியிருந்தன. வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் சுவரோடு சாத்தி வைத்தான்.

"அண்ணை, இது இனி உங்களுக்கு," என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

"கை சரியில்லை அண்ணை. நான் விட்டிட்டன்."

அவ்வளவுதான். உள்ளே வந்து மேசையில் இருந்தான். என் மனிசி மலர் சோறு போட்டாள். அன்றைக்கு நண்டுக் கறி. யோகன் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கரண்டி கேட்டான்.

நண்டுக் கறிக்கு யாராவது கரண்டி கேட்பார்களா?

மலர் என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

அந்தக் கரண்டிக்குக் காரணம் நான். இந்த வாரப் பத்தியில் அதைத்தான் எழுத வேண்டும். எழுத விருப்பமில்லை. ஆனாலும்...

என் வேலை பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன். மொன்றியலில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறேன். இருபத்திநாலு வருடமாக. காலை ஐந்தரைக்குப் போவேன். பதினெட்டுக் குழி. ஒவ்வொரு குழியையும் சுற்றிக் கம்பளம் மாதிரிக் குட்டைப் புல் இருக்கும். அதைக் கிரீன் என்பார்கள். அதை வெட்டுவேன். பிறகு குழியை இடம் மாற்றுவேன்.

ஓம், குழியை மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் விட்டால் எல்லாரும் அங்கேயே மிதித்துப் புல் செத்துவிடும். அதற்கு ஒரு வெட்டி இருக்கிறது, இரும்புக் குழாய் மாதிரி. புது இடத்தில் வைத்து அழுத்தித் திருப்பினால் புல் மண்ணோடு கட்டியாக வரும். அந்தக் கட்டியைப் பழைய குழிக்குள் இறக்கிக் காலால் மிதிக்க வேண்டும். சரியாக வைத்தால் நேற்று அங்கே குழி இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த ஒரு வேலையில் நான் கெட்டிக்காரன். வேறு எதிலும் இல்லை.

இவ்வளவு வருடத்தில் ஒரு பந்து கூட அடித்ததில்லை. வேலை செய்கிறவர்கள் திங்கட்கிழமை பின்னேரம் சும்மா விளையாடலாம். என் மேலாள் லுக் ஒவ்வொரு வருடமும் கேட்பான். முழங்கால் நோகுது என்பேன். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. மற்றவர்கள் பார்க்க நின்று பந்தைத் தவறவிடப் பயம். அதை லுக்குக்கு எப்படிச் சொல்வது?

இனி யோகன்.

யோகனும் நானும் சகலர்கள். அக்காவை நான் கட்டினேன். தங்கையை அவன் கட்டினான். மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் இருந்தோம். ஒரே குளிர்ச் சட்டை. காலையில் வேலைக்குப் போகிறவன் போடுவான். அவன் திரும்பி வந்த பிறகு மற்றவன் போடுவான்.

பிறகு யோகன் டொலார்ட்டில் வீடு வாங்கினான். எனக்குப் பொறாமை வரவில்லை. போய்ப் பால் காய்ச்சக் கூட நின்றேன். புதுக் கார் வாங்கினான். எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனதே நான்தான். அவன் மகன் படித்து நல்ல வேலைக்குப் போனான். அதற்கும் சந்தோஷம்தான்.

பிறகு அவன் புல்லில் கால் வைத்தான். வந்தது.

ஆனால் அதற்கு முதல் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் செய்ததன் கனம் தெரியாது.

பதினொரு வருடத்துக்கு முன் யோகன் புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்தான். அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து வலது மணிக்கட்டில் விழுந்தன. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தகடு வைத்து ஆணி அடித்தார்கள். எலும்பு பொருந்தியது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

அன்றிலிருந்து கரண்டி.

வெளியாருக்கு இது சின்ன விஷயம். எங்களுக்கு? கல்யாண வீட்டில் எல்லாரும் குழைத்துச் சாப்பிட, இவன் மட்டும் கரண்டி பிடித்துக்கொண்டு இருப்பான். பக்கத்தில் இருக்கிறவன் ஏன் என்று கேட்பான். இவன் கதை சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிக் களைத்துப் போய்க் கல்யாண வீடுகளுக்கே போகாமல் விட்டான். போனாலும் சாப்பிட முதல் எழும்பி வந்துவிடுவான். இடக்கையால் சாப்பிட அவனால் முடியவில்லை. எங்களில் யாரால் முடியும்?

கைக்குப் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி சொன்னாளாம் – எதையாவது பிடி, வீசு, கோல்ஃப் மாதிரி ஏதாவது செய் என்று. மூன்று வருடத்துக்கு முன் தொடங்கினான். முதல் மாதம் மட்டை கையை விட்டுப் பறந்தது. இரண்டாவது மாதம் பந்து பறந்தது. அடுத்த வருடம் விரல்கள் மடங்கத் தொடங்கின.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம். நான் ஒரு வரிசையில் இருந்தேன். யோகன் எதிர் வரிசையில். அவன் சோற்றைக் குழைத்தான். கையால். ஒரு வாய் சாப்பிட்டான். பிறகு கையைத் தூக்கி எனக்குக் காட்டினான். விரலெல்லாம் சாம்பார்.

நான் தலையை ஆட்டினேன். கண் கலங்கியது. சாம்பார் உறைப்பு என்று மலருக்குச் சொன்னேன்.

அதே நான்தான் இதைச் செய்தேன். இப்போது விளங்குகிறதா?

இந்த வருடம் பெப்ரவரியில் யோகன் ஹவாய்க்குப் போனான். கோல்ஃப் விளையாட. ரொறன்ரோவில் இருந்து நாலு பேர், இங்கே இருந்து இரண்டு பேர். எல்லாரும் எங்கள் ஆட்கள். மூன்று கிழமை, நாலு தீவு, பதினொரு மைதானம். மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான்.

அவர்களுக்குள் ஒரு போட்டி. வெல்கிறவனுக்கு ஒரு சில்வர் செம்பு. யாரோ ஒருவருடைய மனிசி வீட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தது. ஒரு வருடம் வைத்திருக்கலாம். அடுத்த வருடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எத்தனை அடி என்று கூட்டிக்கொண்டு வந்து, கடைசி நாளில் குறைந்த அடி யாருக்கோ அவனுக்குச் செம்பு. விமானத்தில் செம்பு கைப்பையில் போனதாம். சோதிக்கிறவர்கள் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்களாம்.

குளிர்காலத்தில் எனக்கு வேலை இல்லை. மைதானம் பனிக்குக் கீழே. சோமாஜ், அதுதான் வேலை இல்லாதவருக்கு அரசாங்கம் கொடுக்கிற காசு, அதை எடுத்துக்கொண்டு, கோடை வரும்வரை வீட்டில் இருப்பேன். பனி வழிப்பேன். போனைப் பார்ப்பேன்.

போனில் ஹவாய் வரத் தொடங்கியது.

முதல் படம் ஒவாஹு தீவு. யோகன் அரைக்காற்சட்டையோடு தென்னைக்குக் கீழே நிற்கிறான். நான் அப்போது காரைத் தோண்டிக்கொண்டு நின்றேன். கார் பனிக்குள் எந்தப் பக்கம் என்று தேடுகிற அளவுக்கு விழுந்திருந்தது. பதில் எழுதக் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை. மூக்கால் தட்டினேன். கட்டை விரல் படம் ஒன்று பதிலாகப் போனது.

அடுத்தது கவாய். அங்கே கோழிகள் கிரீனில் நடக்கின்றன. காட்டுக் கோழி, சிவப்புச் சேவல். கறிக்கு நல்ல சாமான் என்று எல்லாரும் எழுதிச் சிரித்தார்கள். நான் சேவலைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் புல் வெட்டிய கோடுகளைப் பார்த்தேன். நேராக இருந்தன. வளைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாத்தும் வந்தது. அந்தத் தீவுகளுக்கென்று ஒரு வாத்து இனமாம். தொடக்கூடாது, துரத்தக்கூடாது, சட்டமாம். எங்கள் மைதானத்திலும் வாத்து இருக்கிறது. நூற்றுக்கணக்கில். அதன் எச்சத்தை அள்ளுகிறவன் நான். அங்கே போனால் வாத்துக் கூட மரியாதையாக இருக்குமோ?

மூன்றாவது, பெரிய தீவு என்றே அவர்கள் சொல்கிற தீவு. எரிமலை கக்கி உறைந்த கருங்கல். கண்ணுக்கு எட்டின தூரம் கறுப்பு. அதற்கு நடுவே ஒரு பச்சைப் பட்டை... கறுப்புப் பட்டு விரித்து அதில் பச்சைக் கரை போட்ட மாதிரி. பந்து கரையை விட்டுப் போனால் கல்லில் பட்டுத் தெறித்துக் காணாமல் போய்விடுமாம்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லுக்கு மேலே எப்படிப் புல் வளர்த்தார்கள்? மண்ணை எங்கே இருந்து கொண்டுவந்தார்கள்? எத்தனை அங்குலம் போட்டார்கள்? தண்ணீர் எங்கே வடிகிறது?

யோகனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"தெரியாது அண்ணை," என்றான். "வடிவாய் இருக்கு."

அங்கேதான் எனக்குக் குத்தியது.

இருபத்திநாலு வருடம் புல்லோடு நின்றவன் இங்கே பனி வழிக்கிறான். மூன்று வருடம் விளையாடினவன் அங்கே நின்று, வடிவாய் இருக்கு என்கிறான். இது என்ன கணக்கு?

எங்கள் மைதானத்துக்கு வருகிற வெள்ளைக்காரர் பாதிப் பேர் குளிருக்கு எங்கேயாவது தீவுக்குப் போகிறவர்கள்தான். தோல் சிவந்து வந்து எனக்குக் கதை சொல்வார்கள். நல்லது என்று சொல்லிவிட்டு வெட்டப் போய்விடுவேன். ஒரு நாளும் மனம் அசைந்தது இல்லை. பொறாமை தூரத்து ஆள்மேல் வராது. உன்னோடு ஒரே குளிர்ச் சட்டையைப் போட்டவன்மேல்தான் வரும். கவனித்துப் பாருங்கள்.

கடைசித் தீவு மவி. பந்து வைத்து அடிக்கிற இடத்தில் இருந்து கடல் தெரிகிறது. கடலில் திமிங்கிலம் பாய்கிறது. அதையும் அனுப்பினான்.

திமிங்கிலத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். அதுவும் குளிருக்குத்தான் அங்கே போகிறதாம்.

மூன்றாவது கிழமை, ஒரு வியாழக்கிழமை. பின்னேரம் ஐந்து மணி. அங்கே மத்தியானம் பன்னிரண்டு. போன் அடித்தது.

"அண்ணை, ஒரு உதவி. வீடியோ ஒண்டு அனுப்பியிருக்கிறன். பாத்திட்டுச் சொல்லுங்கோ."

பார்த்தேன். பதினைந்தாவது கிரீன். யோகன் பந்தைத் தட்டுகிறான். பந்து நேராகப் போகிறது. கடைசி இரண்டு அடியில் வலப்பக்கம் விலகிக் குழியைத் தாண்டுகிறது. பிறகு போனைக் கீழே பிடித்துக்கொண்டு, பந்து போன வழியால் குழிவரை மெல்ல நடந்திருக்கிறான். குழியின் விளிம்பு கிட்டத்தில் தெரிந்தது.

திரும்பக் கதைத்தான்.

"நாளைக்குக் கடைசி ஆட்டம் அண்ணை. இதே மைதானம்தான். நானும் ரொறன்ரோ ஆள் ஒருத்தரும் இப்ப சமன். இந்த இடத்தில மூண்டு தரம் தட்டிப் பாத்தன். மூண்டு தரமும் வலப்பக்கம் போகுது. என்ர கண்ணுக்கு நிலம் நேராத்தான் தெரியுது. நிலமோ... இல்லாட்டி என்ர கையோ?"

எனக்கு விடை தெரியும். வீடியோவை ஒரு தரம் பார்த்ததுமே தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். இது விளையாடுகிறவர்கள் பார்க்காத இடம். குழி வெட்டுகிறவன் பார்க்கிற இடம். புல் நேரே மேலே வளராது. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். குழி வெட்டின பிறகு, புல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்க விளிம்பு பிய்ந்து காயும். மற்றப் பக்கம் கத்தி வெட்டு மாதிரி இருக்கும். எங்கள் ஊர்ப் புல் மெல்லியது, அதில் இது கொஞ்சம்தான் தெரியும். சூடான நாட்டுப் புல் தடித்தது, தரையோடு படர்வது. அது பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பந்து வேகம் குறைகிற கடைசி இரண்டு அடியில்தான் இழுக்கும். லுக் முன்பு தெற்கே வேலை செய்தவன். அவன் சொல்லித் தந்தது.

யோகனின் வீடியோவில் குழியின் வலது விளிம்பு பிய்ந்து பழுப்பாக இருந்தது. இடது விளிம்பு சுத்தம்.

குழியை நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிரீனில் புல் ஓடுகிற பக்கம் மாறாது. கொஞ்சம் இடப்பக்கம் பார்த்துத் தட்டு என்றால் போதும். ஒரு வரி.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். காலையில் வழித்த இடத்தில் திரும்பப் பனி விழுந்துகொண்டிருந்தது.

"நிலம் நேர்தான்," என்றேன்.

"அப்ப..."

"கைதான்."

அந்தப் பக்கம் கடல் சத்தம் கேட்டது.

"சரி அண்ணை," என்றான் யோகன். "நீங்கள் சொன்னாச் சரி."

போனை வைத்தேன். மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னவாம் என்று கேட்டாள். புல்லைப் பற்றிக் கேட்டான் என்றேன். அதில் பொய் இல்லை.

ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. மறைக்க மாட்டேன். சூடான தேத்தண்ணி குடித்த மாதிரி. பிறகு வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

"என்னப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறீங்கள்?" என்றாள் மலர்.

அப்போதே போன் எடுத்திருக்கலாம். அவனுக்கு இன்னும் பகல்தான். விடிந்து போன பிறகும் எடுத்திருக்கலாம். ஐந்து மணித்தியால வித்தியாசம் இருக்கிறது. நான் பனி வழிக்கப் போனேன்.

யோகன் தோற்றான். ஒரு அடியால்.

பதினைந்தாவதில்தான். கையைக் கவனிக்க வேண்டும் என்று மட்டையை இறுக்கிப் பிடித்தானாம். பிடிக்கப் பிடிக்கக் கை நடுங்கியதாம். நாலு அடி தூரத்தில் இருந்த பந்தை மூன்று தரம் தட்டினானாம். வந்து அவனே சொன்னான். ரொறன்ரோ ஆள் செம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படம் எடுத்தாராம்.

"நீங்கள் சொன்னனீங்கள்தானே அண்ணை," என்றான். "நான்தான் கேட்டும் திருத்தேல்லை."

எனக்கு ஒரு சாமான் கொண்டுவந்திருந்தான். தொப்பி, சட்டை எதுவும் இல்லை. ஒரு வீடியோ. ஒன்பது நிமிடம். கடைசி நாள் விடியக் காலையில் மைதானத்துக்குப் போய், குழி மாற்றுகிற ஆளைத் தேடிப் பிடித்து எடுத்திருக்கிறான். அண்ணைக்குப் பார்க்க விருப்பமாக இருக்கும் என்று.

அந்த ஆள் பிலிப்பைன்ஸ்காரராம். என் வயது இருக்கும். வெட்டியை வைத்தார். அழுத்தித் திருப்பினார். கட்டியை எடுத்துப் பழைய குழிக்குள் இறக்கினார். வலது காலால் இரண்டு மிதி, இடது காலால் ஒரு மிதி. நானும் அப்படித்தான். பின்னால் யோகனின் குரல் கேட்கிறது. அவனுடைய ஆங்கிலத்தில் சொல்கிறான், என் அண்ணனும் கனடாவில் இதே வேலைதான், போனில் பார்த்தே கிரீனைச் சொல்லிவிடுவார் என்று. அந்த ஆள் கமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எனக்கு.

கல்லுக்கு மேலே மண் எத்தனை அங்குலம் என்றும் கேட்டு வைத்திருந்தான், அது வேறு தீவு என்று யோசிக்காமல். அந்த ஆள் தனக்குத் தெரியாது என்று சிரித்தார்.

பொறாமை அங்கே செத்தது. செத்து என்ன பிரயோசனம்?

ஏப்ரலில் நாங்கள் கிரீன்களுக்குப் போட்ட மூடுதுணியைத் தூக்கினோம். ஏழாவது கிரீன் நாறியது. துணிக்குக் கீழே ஐஸ் பிடித்து, காற்றுப் போகாமல் புல் அவிந்து செத்துப் போயிருந்தது. மேலே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. தூக்கினால்தான் நாற்றம். லுக் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். நான் அந்த இடத்தில் கன நேரம் நின்றேன்.

யோகன் இந்த வருடம் மைதானத்துக்குப் போகவில்லை. ராணி மலருக்குச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக் கம்பளத்தில் பந்தைத் தட்டிப் பார்க்கிறானாம். நேராகப் போனாலும் நம்புகிறான் இல்லையாம். டொக்டரிடம் போனான். படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கை நல்லாய் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அதையும் நம்பவில்லை.

"டொக்டருக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்?" என்று ராணியைக் கேட்டானாம். "அண்ணை பாத்துச் சொன்னவர்."

பிறகுதான் போன சனிக்கிழமை. பை. நண்டு. கரண்டி.

அன்றைக்கே சொல்ல நினைத்தேன். கரண்டி நண்டோட்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. வாயைத் திறந்தேன். கொஞ்சம் சோறு போடச் சொல்லி மலரிடம் கேட்டேன்.

திங்கட்கிழமை பையைக் காரில் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். ஏழாவதில் புது விதை போட்டிருக்கிறோம், அதை விட்டு எட்டாவதுக்குப் போனேன். வேலை முடிந்திருந்தது. பின்னேரம். ஆட்கள் இல்லை. யோகனின் பையில் இருந்து கிரீனில் தட்டுகிற மட்டையை எடுத்தேன். பிடியில் துணி சுற்றியிருந்தது. விரல் வழுக்காமல் இருக்க அவனே சுற்றினது. அவன் விரல் பட்ட இடங்கள் பள்ளமாக இருந்தன.

பந்தை வைத்தேன். தட்டினேன்.

குழிக்குள் போகவில்லை. பக்கத்தால் போனது. அந்தக் குழியைக் காலையில் வெட்டினது நான். புல் எந்தப் பக்கம் என்று தெரியும். நிலம் எந்தப் பக்கம் என்று தெரியும். எல்லாம் தெரிந்தும் போகவில்லை. என் கை.

பின்னால் வண்டி நின்ற சத்தம் கேட்டது. லுக். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. முழங்கால் எப்படி என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

தவறவிட்டால் என்ன ஆகும் என்று இருபத்திநாலு வருடம் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பந்து நாலு அடி தள்ளி நின்றது. போய் எடுத்தேன்.

காருக்குள் இருந்து யோகனுக்குப் போன் எடுத்தேன்.

"சொல்லுங்கோ அண்ணை."

நாளைக்கு மழையாம் என்றேன்.

"ஓமாம்," என்றான்.

வைத்துவிட்டேன். எனக்குக் கதைக்க வராது. எழுதத்தான் கொஞ்சம் வரும். யோகன் இந்தப் பத்தியை ஒரு வாரமும் விடாமல் வாசிப்பான். பத்திரிகை வருகிற அன்றைக்கே தமிழ்க் கடையில் எடுத்து, காருக்குள் இருந்தே வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அதனால் இங்கே எழுதுகிறேன். மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இனி உள்ளது அவனுக்கு.

யோகன், உன் பை என் காருக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை பின்னேரம் மைதானம் எங்களுக்கு. லுக்கிடம் கேட்டுவிட்டேன். கூட ஒரு ஆளைக் கொண்டுவரலாமாம். வா. ஏச விரும்பினால் அங்கே வந்து ஏசு. முடிந்த பிறகு வீட்டுக்குப் போவோம். மலர் நண்டு வாங்கி வைக்கிறேன் என்றாள். மேசையில் கரண்டி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

குழியின் வலது விளிம்பு பிய்ந்து இருந்தது. நான் பார்த்தேன். உன் கை இல்லையடா, புல்.